தண்ணி ரத்தக்காரி

நெய்வேலி
21 ஜூலை 2024

மெர்லினுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

நீ ஏற்காட்டில் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாய், போனை வாங்கி வைத்துவிட்டார்கள், கடிதம் மட்டும் போடலாம் என்பதெல்லாம் உன் தம்பி ஆரோன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு நாம். சுரங்கத்து ஷிப்டுக்குப் போகும் உன் அப்பா என்னைப் பார்த்தால் சைக்கிளை மெதுவாக்கி, "உன்கிட்டகூட சொல்லலியாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போகிறார்.

சண்டை போட இதை எழுதவில்லை. ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மடத்தில் கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்களாமே. படிக்கிற சிஸ்டர் பயந்துவிடக் கூடாது என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

சிஸ்டர், வணக்கம். என் பெயர் சண்முகப்பிரியா. நாங்கள் விளையாடுவது ஒரு கதை விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் குவார்ட்டர்ஸில் மேசையைச் சுற்றி நாலு பேர் உட்காருவோம். கதையை நான் சொல்வேன். மெர்லின், ஆரோன், எலக்ட்ரீஷியன் பன்னீர்செல்வம் மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். அடித்தால் படுமா, ஓடினால் தப்புமா என்பதைப் பகடை சொல்லும். பாத்திரங்கள் எல்லாம் ரத்தக்காட்டேரிகள். சுண்டல் தின்றுகொண்டுதான் விளையாடுவோம், பயப்பட ஒன்றுமில்லை.

காட்டேரிகளில் கடைநிலையில் சிலர் உண்டு. ரத்தம் கைமாறிக் கைமாறி நீர்த்துப் போனவர்கள். பன்னீர் அவர்களுக்கு வைத்த பெயர் தண்ணி ரத்தம். கண்ணைப் பார்த்து ஆளை மயக்க வராது, சுவரில் ஏற வராது, ஒரு அடிக்கே சுருண்டு விழுவார்கள். பெரிய காட்டேரிகளிடம் இல்லாத ஒன்று மட்டும் அவர்களிடம் உண்டு. வெயில் பட்டால் சாம்பலாக மாட்டார்கள். நான் மெர்லினுக்கு ஒரு மகாராணிக் காட்டேரியை எழுதி வைத்திருந்தேன். அவள் அதைத் தள்ளிவிட்டு, "அடிச்சா விழுந்துடுற ஆளா ஒண்ணு குடு" என்று கேட்டு வாங்கியவள்தான் பொற்கொடி. "உன் ஆளு காட்டேரியா, கொசுவா?" என்று பன்னீர் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இனி உனக்கு, மெர்லின். எங்கே நிறுத்தினோம் என்று ஞாபகம் இருக்கிறதா? தண்ணி ரத்தக்காரர்கள் பகலில் நடமாடுவார்கள், தான் தூங்கும்போது வந்து தன்னைக் கொல்வார்கள் என்று பயந்து, ஊரை ஆளும் பெரியவர் அவர்களைத் தீர்த்துக்கட்ட உத்தரவு போட்டிருக்கிறார். பொற்கொடி நம் ஊர்த் திறந்தவெளிச் சுரங்கத்தின் விளிம்பில் நிற்கிறாள். அவளைக் கொல்ல அனுப்பப்பட்ட மாறன் பின்னால் வந்து நிற்கிறான். விடியப்போகிறது. மிச்சம் அடுத்த வாரம் என்று நிறுத்தினேன். அடுத்த வாரம் நீ இல்லை.

மாறனாக விளையாடுவது உன் தம்பி. வாராவாரம் வந்து உட்கார்ந்ததும், "அடிக்கட்டுமா பிரியாக்கா?" என்கிறான். அப்போது அவன் முகம் போகிற போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டத்தைத் தள்ளிப்போட, தலைவலி என்றேன், கரண்ட் இல்லை என்றேன். நெய்வேலியில் கரண்ட் போய்விட்டது என்று பொய் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நீயே சொல். பொற்கொடி சாகட்டுமா, இல்லை ஊரை விட்டு ஓடிவிட்டாள் என்று முடித்துவிடட்டுமா? சொல்லாமல் ஓடுவது உனக்குப் புதிதில்லையே.

சண்முகப்பிரியா

*

ஏற்காடு
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பிரியா,

அடித்த பிறகும் 'அன்புள்ள' படிக்க முடிந்தது.

இங்கே யாரும் கடிதத்தைப் பிரிப்பதில்லை. ஆனாலும் உன் வணக்கத்தை சிஸ்டர் லூர்துமேரியிடம் சேர்த்துவிட்டேன். பயிற்சிக்கு வந்திருக்கிற எங்களுக்கு அவர்தான் பொறுப்பு. முழுவதையும் படித்துவிட்டு, "இதுல யாரு ஜெயிப்பாங்க?" என்று கேட்டார். யாரும் ஜெயிக்க மாட்டார்கள் என்றேன். "அப்புறம் எதுக்கு வாராவாரம் உக்காந்தீங்க?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டவர்களுக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, பிரியா. உன்னிடம் சொல்லாமல் போனதற்கு அதுதான் காரணம். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ அழுதிருக்க மாட்டாய். கிண்டல் பண்ணியிருப்பாய். நான் சிரித்திருப்பேன். சிரித்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன். எனக்கு அவ்வளவுதான் பலம் இருந்தது.

ஆரோனிடம் முந்தின நாள் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டோடு எழுந்து போய்விட்டான். பஸ் ஸ்டாண்டுக்கு அம்மா வந்தார்கள், அப்பா வந்தார், அவன் வரவில்லை. அவனுக்குத் தனியாக எழுதினேன். பதில் இல்லை.

பொற்கொடி ஓட மாட்டாள். அடிக்கவும் மாட்டாள். திரும்பிப் பார்த்து மாறனிடம் இதைத்தான் சொல்வாள்: "நேரமாவுது. விடியப்போவுது. நீ உள்ள போ." அதற்கு மேல் அவன் விருப்பம். எனக்கான பகடையை நீ உருட்டு. என் மேல் இரக்கப்பட்டு ஏமாற்றாதே.

மெர்லின்

*

நெய்வேலி
1 செப்டம்பர் 2024

மெர்லின்,

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

நீ எழுதியனுப்பிய வசனத்தை அப்படியே படித்தேன். ஆரோன் பகடையை எடுத்துக் கையில் மூடிக்கொண்டான். பிறகு, "அவ்ளோதானா?" என்றான்.

"அவ்ளோதான்."

"வேற ஒண்ணும் சொல்லலியா? எதுக்குன்னு ஒரு வார்த்தை?"

அவன் பொற்கொடியைப் பற்றிக் கேட்கவில்லை என்பது பன்னீருக்கே புரிந்துவிட்டது. "டேய், வுட்றா" என்றான். எச்சரிக்கை செய்வது கதைசொல்லியின் கடமை, செய்தேன். "மாறா, வெளிச்சம் வருது. உனக்கு ஒரு காரியத்துக்குத்தான் நேரம். ஓடி நெழலுக்குப் போலாம். இல்லன்னா அடிக்கலாம்."

"அடிக்கிறேன்."

பகடை அவனுக்கு அள்ளிக் கொடுத்தது. உனக்காக நான் உருட்டியது எல்லாம் சொத்தை. ஏமாற்றவில்லை, நீ சொன்னபடியே. பொற்கொடி விழுந்துவிட்டாள். ஊர்ந்து நகர்கிற அளவுக்கு ஒரே ஒரு உயிர்ப்புள்ளி மிச்சம். ஆரோன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். "செத்துட்டாளா?" என்று கேட்ட குரல் சின்ன வயதில் உன் பின்னாலேயே திரிவானே, அந்த ஆரோனுடையது.

"இன்னும் இல்ல. ஆனா வெயில் வந்துடுச்சி" என்றேன்.

மாறனின் கையிலிருந்து புகை வருகிறது. அவன் பெரிய காட்டேரி. அவனுக்குச் சில நொடிகள்தான். சுற்றிலும் வெட்டவெளி. நிழலுக்கு ஓட நேரமில்லை. அவன் கதை முடிந்தது என்று மூவருக்கும் தெரிந்தது. ஆரோன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வெளியே போனான். வாசலில் செருப்பைப் போட்டான். போகவில்லை, அங்கேயே நின்றான். திரும்பி உள்ளே பார்க்காமல் சொன்னான்: "பிரியாக்கா, இப்ப அவ என்ன பண்ணுவான்னு கேட்டு எழுது."

கேட்டுவிட்டேன். அடி வாங்கிக் கிடக்கிற பொற்கொடி தனக்காக ஊர்ந்து தப்பலாம், அதற்கு அந்த ஒரு உயிர் போதும். இல்லை, வேறு என்னவாவது செய்யலாம். என்ன என்று எனக்குத் தோன்றவில்லை. கதை சொல்கிறவள் நான். எனக்கே தோன்றவில்லை.

பிரியா

*

ஏற்காடு
15 செப்டம்பர் 2024

அன்புள்ள பிரியா,

உன் கடிதம் வந்தபோது துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஈரக்கையோடு படித்ததால் ஓரம் கலைந்துவிட்டது.

இங்கே என் நிலைமை கேள். ஜெபத்தில் தூங்கிவிடுகிறேன். கூட இருக்கிற பெண்களுக்குப் பாடும்போது கண்ணீர் வருகிறது, எனக்குக் கொட்டாவி வருகிறது. மௌனம் காக்கிற நேரத்தில் எனக்குத்தான் இருமல். சிஸ்டர் லூர்துமேரி ஒன்றும் சொல்வதில்லை, பார்க்கிறார், அவ்வளவுதான். இங்கேயும் நான்தான் தண்ணி ரத்தம். வீட்டுக்கே போய்விடலாமா என்று மூட்டையைக் கட்டிப் பிரித்தும் இருக்கிறேன். இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அடித்தான் இல்லையா, கிடக்கட்டும் என்று. சாயந்திரம் வரை அதே கோபத்தோடு இருந்தேன். பிறகு பார்த்தால், இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

பொற்கொடி ஊர்ந்து போய் மாறன் மேல் கவிழ்ந்து படுத்துக்கொள்வாள். சேலையை விரித்து அவன் தலை, கை, கால் எல்லாவற்றையும் மூடுவாள். வெயிலை அவள் முதுகு வாங்கட்டும். அவளால் முடிந்தது அது ஒன்றுதான். பெரிய காட்டேரிகள் யாராலும் முடியாததும் அதுதான். பொழுது சாயும் வரைக்கும் நகர மாட்டாள்.

விதிப்புத்தகத்தில் இதற்கு இடம் இருக்கிறதா பார். இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

மெர்லின்

*

நெய்வேலி
6 அக்டோபர் 2024

அன்புள்ள மெர்லின்,

இடம் இருக்கிறது. நான்தான் அந்தப் பக்கத்தைச் சரியாகப் படித்ததே இல்லை.

உன் கடிதத்தில் அந்தப் பத்தியை மட்டும் படித்தேன். படித்து முடித்ததும் பன்னீர் புத்தகத்தை இழுத்துப் புரட்டினான். கொசு என்று சொன்ன அதே பன்னீர். "நீர்த்த ரத்தம் வெயிலைத் தாங்கும். ஆனா சும்மா தாங்காது. பொழுது ஏற ஏற உருட்டணும். ஒரு தடவ தவறினா ரெண்டு பேரும் காலி" என்று படித்துச் சொன்னான். பிறகு என்னிடம், "நான் உருட்டட்டா? அவளுக்காக" என்று கேட்டான்.

அவன் உருட்டினான். பிழைத்தாள். நான் பொழுதைச் சொன்னேன்: புழுதி கிளம்புகிறது, மண்மேடு காய்கிறது, சேலை கருகி ஓட்டை விழுகிறது. மறுபடி உருட்டினான். பிழைத்தாள். டீ எடுத்து வந்த அம்மா தட்டோடு நின்றுவிட்டது. "யாரு வெயில்ல கெடக்குறா?" என்று கேட்டது. "மெர்லினு" என்று பன்னீர் சொன்னான். பொற்கொடி என்று சொல்லவில்லை, மெர்லின் என்றான். அம்மா டீயை வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. உச்சி வெயிலுக்கு என்னையே உருட்டச் சொன்னார்கள். என் கை வேர்த்து ஒரு பகடை தரையில் போய் விழுந்தது. யாரும் அதை எடுக்கக் குனியவில்லை, அப்படியே எட்டிப் பார்த்தார்கள். பிழைத்தாள்.

நான் எழுதாத ஒன்று என் கதைக்குள் நடந்துகொண்டிருந்தது, மெர்லின். ஒரு அடிக்கு விழுகிறவள். அவளை எதுவும் எழுப்பவில்லை, எந்த சக்தியும் வரவில்லை, அப்படியே சுருண்டபடிதான் கிடந்தாள். அவளுக்குக் கீழே அந்த ஊரிலேயே பலசாலி ஒருத்தன் ஒரு சேலைக்குள் ஒடுங்கிக் கிடந்தான். சின்ன வயதில் முதன்முதலில் அப்பா என்னைச் சுரங்க விளிம்புக்குக் கூட்டிப் போய்க் கீழே காட்டினாரே, அப்போது வந்த அதே உணர்வு. இவ்வளவு ஆழமா என்று வாயடைத்துப்போய் நிற்போமே, அது.

அதுவரை ஆரோன் மேசை மேல் கவிழ்ந்து, கைகளுக்குள் முகத்தை வைத்திருந்தான். அங்கிருந்தே மாறனின் குரலில் கேட்டான்:

"வெளில எப்படி இருக்கு?"

நான் கதைசொல்லி. வெயில் எப்படி இருக்கிறது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. வாயைத் திறந்தேன். முடியவில்லை. அவன் என்னிடம் கேட்கவில்லை.

நீதான் சொல்ல வேண்டும்.

பிரியா

*

ஏற்காடு
20 அக்டோபர் 2024

அன்புள்ள பிரியா,

முதலில் அழகாக ஒன்று எழுதினேன். பொன்னிற வெளிச்சம், பறவைகள் என்றெல்லாம். மறுநாள் படித்துவிட்டுக் கிழித்தேன். அவனிடம் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவான்.

உண்மையில் இங்கே பல நாள் சூரியனே தெரிவதில்லை. காலை ஜெபத்துக்குக் கோவிலுக்கு நடந்து போகும்போது பனி முகத்துக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கும். அப்படி நடந்து போன ஒரு காலையில்தான் இது வந்தது. மாறனிடம் பொற்கொடி சொல்வதாக இதைப் படி. இல்லை, அவன் கையிலேயே கொடுத்துவிடு.

"மாறா, வெளில பெருசா ஒண்ணும் தெரியல. புழுதியும் புகையும் கலந்துகினு வெள்ளையா நிக்குது. சூரியன் எந்தப் பக்கம்னே சொல்ல முடியல. ஆனா முதுகுக்குத் தெரியுது. சுடுது. ஊசி ஊசியா எறங்குது. வெளிச்சத்துக்கு வந்தா எல்லாம் புரிஞ்சிடும்னு நெனச்சிகினு வந்தேன். ஒண்ணும் புரியல. நான் அதப் பாக்குறத வுட, அது என்னப் பாக்குறா மாதிரி இருக்கு. என்கிட்ட ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிகினே பாக்குது. பாத்தும் என்ன எரிச்சிப் போடல. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது.

இப்ப கொஞ்சம் வெலகுது. கீழ மண்ணு வெட்டுற பெரிய மிஷின் தெரியுது. அத்தனாம் பெரிய சக்கரம், இங்கருந்து பாத்தா வளையல் மாதிரி சுத்துது. ரெண்டாம் ஷிப்டுக்கு ஆளுங்க எறங்குறாங்க, தொப்பி மட்டும் மஞ்சள் மஞ்சளா தெரியுது. அதுல ஒருத்தரு அண்ணாந்து இந்தப் பக்கம் பாக்குறாரு. அப்பாவா இருக்கும்.

பயமா இருக்கு மாறா. உன்ன வுட்டுட்டு வந்துட்டன்னு நீ நெனக்கிறது எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா எழுந்து போவத் தோணல. அதுக்கு மேல காரணம் கேட்டா என்கிட்ட இல்ல."

இவ்வளவுதான் பிரியா. மே மாதம் எங்களுக்கு உடுப்பு கொடுப்பார்கள். வெள்ளைச் சேலை. சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, இருக்கிறாயா போகிறாயா என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். அன்றைக்கு வீட்டார் வருவார்கள். ஆரோனை வரச் சொல்லி நான் கேட்க மாட்டேன். நீயும் கேட்காதே.

மெர்லின்

*

நெய்வேலி
10 நவம்பர் 2024

அன்புள்ள மெர்லின்,

கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தேன். எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். ரொம்ப நேரம் ஆயிற்று. பன்னீர் எட்டிப் பார்க்கப் போனான், நான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தான். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான், என்னிடம் தரவில்லை. உட்கார்ந்து, "பொழுது சாஞ்சிடுச்சா?" என்று கேட்டான்.

"சாஞ்சிடுச்சி" என்றேன். உண்மையில் இன்னும் ஒரு உருட்டு பாக்கி இருந்தது. கதைசொல்லியாக நான் செய்த ஒரே ஏமாற்று அதுதான். பன்னீருக்குத் தெரியும். அவன் விதிப்புத்தகத்தை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"மாறன் எழுந்திருக்கிறான். பொற்கொடி முதுகு முழுக்க வெந்து கெடக்குறா. பேச்சு மூச்சு இல்ல. விளிம்புல சுத்திலும் பெரியவரோட ஆளுங்க வந்து நிக்குறாங்க, வேல முடிஞ்சிதான்னு பாக்க" என்றேன். பெரிய சண்டை ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன்.

ஆரோன் சொன்னான்: "அவளத் தூக்கிக்கிறேன். தோள்ல. அவங்களுக்கு நடுவுலயே நடந்து போறேன். இதுக்குப் பகடை உருட்டச் சொல்லாத பிரியாக்கா."

"அவங்க நிறைய பேரு."

"இருக்கட்டும். ஒரு பகல் பூரா அவ என்ன மூடிகினு இருந்தா. நான் பாத்தேன்னு சொல்லுவேன். தண்ணி ரத்தத்த யாராச்சும் தொடணும்னா மொதல்ல என்னத் தொடட்டும்."

பன்னீர் தன் பாத்திரமும் கூடவே நடப்பதாகச் சொன்னான். "கொசு இல்லடா அது" என்றும் சொன்னான், யாரும் கேட்காமலேயே.

நான் பகடை உருட்டச் சொல்லவில்லை. பெரியவரின் ஆட்கள் வழிவிட்டார்கள் என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்ல முடியும்? அவன் நடந்து வருவது எனக்கே கண்ணில் தெரிந்தது. நானாக இருந்தாலும் விலகித்தான் நின்றிருப்பேன்.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மே மாசம்னா தேதி என்னன்னு எழுதியிருக்காளா?" என்று கேட்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை, மெர்லின். அவனாகத்தான் கேட்டான்.

பிரியா

*

ஏற்காடு
1 ஜூன் 2025

அன்புள்ள பிரியா,

நீ வேலை செய்கிற லேபில் ஷிப்ட் மாற்றித் தரவில்லை, அதனால்தான் நீ வரவில்லை என்று அம்மா சொன்னார்கள். நீ கொடுத்தனுப்பிய முந்திரியைச் சிஸ்டர்கள் எல்லாரும் தின்றார்கள். சிஸ்டர் லூர்துமேரி தனியாகக் கேட்டார், பெரியவர் இப்போது என்ன செய்கிறார் என்று. தெரியாது என்றேன். உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னார்.

நேற்று உடுப்பு வாங்கினேன். அம்மாவும் அப்பாவும் முந்தின நாளே வந்து தங்கியிருந்தார்கள். ஆரோன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். சரி என்றேன். பூசை ஆரம்பித்து, என் பெயரைக் கூப்பிட்டு, நான் எழுந்து நடக்கும்போது கோவிலின் பின்கதவு திறந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. ஆனால் தெரிந்துவிட்டது.

சுரங்கத்தில் ராத்திரி இரண்டாம் ஷிப்டை முடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறியிருக்கிறான். சேலத்தில் இறங்கி மலைக்கு முதல் பஸ். பூட்ஸில் சுரங்க மண் இருந்தது. பூசை முடிந்து வெளியே வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"சாப்ட்டியா?" என்றேன்.

"பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சேன்."

பிறகு நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ரோஜாச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன்தான் பேசினான். "அப்பா ரிட்டயர் ஆவுதுல்ல, குவார்ட்டர்ஸ் காலி பண்ணணும். முத்தாண்டிக்குப்பத்துல வூடு பாத்துட்டோம். பின்னால ஒரு ரூம் இருக்கு, உனக்குன்னு வச்சிடலாமான்னு அம்மா கேட்டுச்சி."

அம்மா அதை அவனிடம் கேட்டிருக்கிறார்கள், என்னிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

"நான் வேணாம்னுட்டேன்" என்றான். "அவ வர மாட்டா, அவளுக்கு அங்க இடம் இருக்குன்னேன். அந்த ரூம்ல பெரிய மேசையா ஒண்ணு போடப்போறேன். பிரியாக்கா வூட்டு மேசை ஆடுது." சொல்லிவிட்டு முதன்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தான். "நீ எழுதியனுப்பு. நாங்க உருட்டுறோம்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவனைக் கூப்பிடப் போனேன். பார்வையாளர் அறையில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. பனி எல்லாம் எப்போதோ போய், ஜன்னல் வழியாக வெயில் நேராக அவன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. எழுந்துவிடுவானே என்று திரையை இழுக்கப் போனேன். துணியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. நெற்றி, இமை, வாய் எல்லாவற்றிலும் அவ்வளவு வெளிச்சம். அவன் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. நான் போகவில்லை.

மெர்லின்